பி.ஏ. கடையில் பட்டதாரி இல்லை

மப்ளரைத் தாடை வரைக்கும் சுற்றியிருந்த வி.ஏ.ஓ. நேராக எங்கள் கடைக்கு வந்திருக்கலாம். வரவில்லை. குடையை மடக்கி உதறிவிட்டு, பக்கத்திலிருந்த காதர் பாய் பேக்கரிக்குள் ஏறிவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நீலகிரி மலை மேலிருக்கிற கட்டபெட்டு பஜாரில் அன்று ஆனி மாத மழை. கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை இல்லை அது. மூட்டத்தோடு சேர்ந்து நாள் பூராவும் நசநசவென்று நிற்கும். கடைக்குள் உர மூட்டைகள் ஈரம் வாங்கி, யூரியா நெடி மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிற கத்திகள் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா தராசுக்குப் பின்னால் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் வர்க்கித் தட்டை அடுப்பிலிருந்து இழுத்தால் இந்தப் பக்கம் நமக்கு எச்சில் ஊறும். பேச்சும் அப்படித்தான், ஒரு சொல் தப்பாது.

"ஏனுங்க பாய், பக்கத்துக் கடை நஞ்சப்பன் எப்பிடிங்க? படிச்சவருங்களா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க!" காதர் பாய்க்கு மனத்தாங்கலே வந்துவிட்டது. "இந்த பஜார்லயே டிகிரி வாங்கின ஒரே ஆளு அவருதான். கடைக்கே பி.ஏ. கடைன்னுதானே பேரு. போர்டுல இருக்கற பேரச் சொல்லிக் கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது."

டீ குடித்துக்கொண்டிருந்த போஜண்ணனும் சேர்ந்துகொண்டார். அவர் பக்கத்து ஹட்டிக்காரர். படுகர் ஊர்களை அங்கே ஹட்டி என்போம். இரண்டு ஏக்கர் தேயிலை, எங்களிடம்தான் உரம் வாங்குவார். "எங்க ஹட்டில பொண்ணு பாக்கறதுன்னாக்கூட பி.ஏ.வக் கேட்டுட்டுத்தான் சார். அவரு படிப்பு அப்படி."

அட கடவுளே! பாய், கொஞ்சம் வாயை மூடுங்களேன் என்று மனசுக்குள் கத்தினேன். அவர்கள் எங்களைத் தூக்கிப் பேசப் பேச, என் படிப்பில் மண் விழுந்துகொண்டிருந்தது.

எதற்கு இந்த விசாரணை?

போன வாரம் இந்தப் பத்தியில் என் ப்ளஸ் டூ ரிசல்ட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "மார்க் வாங்கினது சரி. இன்ஜினீயரிங்குக்கு ஃபீஸ் யார் கட்டினாங்க?"

அரசாங்கம் கட்டியது, அம்மணி. குடும்பத்தில் ஒருத்தர்கூடப் பட்டம் வாங்காத வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிற பிள்ளைக்குப் படிப்புக் கட்டணத்தை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும். அதற்கு முதல் தலைமுறைப் பட்டதாரி என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அப்பா, அம்மா, அவர்களைப் பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. வி.ஏ.ஓ. அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதுவார். அதன் பிறகுதான் தாசில்தார் ஆபீசில் சான்றிதழ் கிடைக்கும்.

பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர் இதை அறிவித்தபோது நான் கையே தூக்கவில்லை. எங்கப்பாதான் பி.ஏ. ஆயிற்றே! வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லம்மா. படிச்ச அப்பனுக்குப் பொறந்தா இப்படித்தான்." அம்மா அதைக் கேட்டுப் பெருமையாகச் சிரித்தாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

அது பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். தோட்டக்காரர் கையில் காசு இல்லையென்றால் உரக்கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். கட்டணச் சலுகை கிடைத்தால் இன்ஜினீயரிங். இல்லாவிட்டால் கோத்தகிரியில் ஏதாவது ஒரு கடையில் பில் போடுகிற வேலை. வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மூன்று பேருக்கும் தெரியும்.

கோத்தகிரி போன கதை

மறுநாள் காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு கண்ணு, கோத்தகிரி போய்ட்டு வரலாம்" என்றார். எதற்கு என்று கேட்டேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கியதும் நேராக இ-சேவை மையம்.

கம்ப்யூட்டரில் இருந்த பெண் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டினாள். "குடும்பத்துல யாராச்சும் டிகிரி முடிச்சிருக்காங்களாண்ணா?"

"யாருமில்லீங்க."

"அப்பா, நீங்க..." என்று நான் ஆரம்பித்தேன்.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் கீபோர்டைப் பார்த்தபடியே சொன்னார். "பாஸ் பண்ணல கண்ணு. ஒரு பேப்பர் நின்னு போச்சு."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அப்படியானால் எனக்குக் கிடைக்கும்! கால் தரையில் பாவவில்லை. வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அப்பா மிச்சத்தைச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அம்மாவின் ஞாபகம் வந்தது. அவளுக்கும் இது தெரியாதே!

அச்சில் ஏறிய பட்டம்

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடித்தால் பேரைவிடப் பட்டத்தைத்தான் பெரிசாகப் போடுவார்கள். பட்டம் இல்லாத மாப்பிள்ளைக்குத் தொழிலையாவது போட்டாக வேண்டும். பேருக்குப் பின்னால் வெறுமையாக விட்டால் மண்டபத்தில் பாதிப் பேர் அதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் காரமடைப் பக்கம். கோயமுத்தூரில் பி.ஏ. எகனாமிக்ஸ் படித்தார். எல்லாம் பாஸ், புள்ளியியலில் மட்டும் அரியர். அதை மறுபடி எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் அம்மா வீட்டு ஜாதகம் வந்தது. பொருந்தியது, முகூர்த்தமும் குறித்தாயிற்று. ரிசல்ட் வரட்டும் என்று முகூர்த்தம் நிற்குமா? மேட்டுப்பாளையத்தில் என் அப்பிச்சியே, அதாவது அம்மாவின் அப்பாவே, அச்சகத்தில் போய் நின்று 'பி.ஏ.' என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னார்.

கல்யாணம் முடிந்து ரிசல்ட் வந்தது. பெயில்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அப்பா ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மறுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வேலை தேடிப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் போய் மறுபடியும் எழுதிப் பார்த்திருக்கிறார். தேறவில்லை. பிறகு கட்டபெட்டில் கடை போட்டார், நான் பிறந்தேன். கல்யாணத்துக்கு வந்த யாரோ ஒரு சொந்தக்காரர் பஜாரில் வைத்து "எங்க பி.ஏ. மாப்ளை" என்று கூப்பிட, ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

இதில் அம்மாவின் கதை வேறு. வசந்தாமணி ப்ளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மூன்று பேரில் ஒருத்தி. கணக்கு என்றால் உயிர். பி.எஸ்ஸி. படிக்க விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தாள். "மாப்பிள்ளை பி.ஏ. கண்ணு. ஒரு ஊட்டுக்கு ஒரு படிப்புப் போதும்" என்று அப்பிச்சி சொல்லிவிட்டார். அழுதாளாம். அப்புறம், கட்டிக்கொள்பவராவது படித்தவர் என்று மனதைத் தேற்றிக்கொண்டாளாம். நான் சின்னவளாக இருக்கும்போது இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அவளுக்கு வருத்தமே இருக்காது, அதுதான் கொடுமை.

காலையில் அம்மா இட்லி ஊற்றுவாள், அப்பா சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டுவார். "பணவீக்கம்னா என்னங்க?" "ரெப்போ வட்டின்னா என்னங்க?" என்று அவள் கேட்பாள், அவர் விளக்குவார். எகனாமிக்ஸ் ஆயிற்றே. அந்த அரை மணி நேரம் எங்கள் வீட்டில் தினமும் உண்டு. அதைப் பார்த்து வளர்ந்ததால், புருஷன் பெண்டாட்டி என்றால் இப்படித்தான் இருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீ ஆறிப்போன டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பா சொன்னார். "அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ வாயத் தொறந்துறாத."

அவர் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். வி.ஏ.ஓ. வந்துவிட்டார்.

கடைக்குள்

பேக்கரியிலிருந்து இறங்கி எங்கள் கடை வாசலுக்கு வந்த வி.ஏ.ஓ. கோபமாக இல்லை. பாவம், அவருக்குச் சங்கடம்தான்.

"என்னங்க நஞ்சப்பன், ஊட்டுல பட்டதாரி யாருமில்லைன்னு மனு குடுத்திருக்கீங்க. ஊரே உங்கள பி.ஏ.ங்குது."

அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா வந்துவிட்டாள். வீடு கடைக்குப் பின்னால் மேட்டில் இருந்தது. ஒரு கையில் சாப்பாட்டு கேரியர், தலையில் மடித்துப் போட்ட சாக்குப்பை. கடைசி வார்த்தைதான் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே ஏறி வந்தாள்.

"ஊரு சொல்றதென்னங்க சார், அவரு பி.ஏ. எகனாமிக்ஸுங்க. கோயமுத்தூருல படிச்சவரு."

பாய் பலகைச் சுவரைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்து நின்றார், பின்னாலேயே போஜண்ணன். உதவி செய்கிறோம் என்ற நினைப்பு அவர்கள் முகத்தில் அப்படியே தெரிந்தது. அவர்களை எப்படிக் குறை சொல்வது? எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி அதிகாரி வந்து கேட்டால் உயர்த்தித்தான் சொல்வார்கள். படித்ததைப் படிக்கவில்லை என்று சொல்வது நன்மைக்கு என்பது யாருக்குத் தெரியும்?

வி.ஏ.ஓ. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "அம்மாவே சொல்றாங்க. பரிந்துரை பண்ண முடியாதுன்னுதாங்க நான் எழுதணும். பொய்த் தகவல்னு ஆயிட்டா உங்களுக்குஞ் சிக்கல், எனக்குஞ் சிக்கல்." குடையை விரிக்கப் போனார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். கெஞ்சுகிற மாதிரித்தான் பார்த்திருப்பேன். அவருடைய கை தராசுத் தட்டைப் பிடித்திருந்தது. அதை விட்டுவிட்டு முன்னால் வந்தார்.

"நில்லுங்க சார்" என்றார். "நான் பாஸ் பண்ணலீங்க. ஒரு பேப்பர்ல நின்னுட்டேன். இவங்க யாருக்கும் தெரியாதுங்க." கொஞ்சம் விட்டு, "ஊட்டுலயும் தெரியாதுங்க" என்றார்.

அம்மா கேரியரை ஒரு பொட்டாஷ் மூட்டை மேல் வைத்தாள். தலையிலிருந்த சாக்கை எடுத்து, ஈரத்தை உதறி, நிதானமாக மடித்தாள்.

வி.ஏ.ஓ. நல்ல மனுஷர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அதையே கைப்பட எழுதிக் கொடுங்கள், பக்கத்துக்காரர் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும், பாக்கியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்பா கல்லாப் பலகை மேல் காகிதத்தை வைத்து எழுதினார். அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது.

சாட்சி யார்? கொஞ்சம் முன்னால் அவரைப் பட்டதாரி என்று அடித்துச் சொன்ன அதே இரண்டு பேர்தான்.

"நான் போய் இதுல எப்படி சார்..." என்று காதர் பாய் பின்வாங்கினார்.

"போடுங்க பாய்" என்றார் அப்பா. "பாப்பா படிக்கோணும்."

பாய் கையெழுத்துப் போட்டார். போஜண்ணனும் போட்டார். போட்டுவிட்டு இருவரும் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் பேக்கரிக்குப் போய்விட்டார்கள்.

கடைசியாக வி.ஏ.ஓ. அம்மா பக்கம் திரும்பினார். அதுவும் அவர் வேலையில் ஒன்று. "நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா?"

"ப்ளஸ் டூங்க."

"மேல படிக்கலீங்களா?"

"இல்லீங்க. ஊட்டுல ஒரு பட்டதாரி போதும்னு எங்கப்பா சொல்லிட்டாருங்க."

வி.ஏ.ஓ. பேனாவை எடுத்தவர் எழுதாமல் நின்றார். அம்மா அந்தக் காகிதத்தைக் காட்டிச் சொன்னாள். "தேர்ச்சின்னு நல்லாத் தெரியற மாதிரி எழுதுங்க சார். நான் எழுதுன எல்லாத்துலயும் பாஸ்."

அதற்குப் பிறகு

சான்றிதழ் வந்தது. கவுன்சலிங்கில் கோயமுத்தூரில் ஒரு கல்லூரி கிடைத்தது. அங்கே ஆபீசில் என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, 'படிப்புக் கட்டணம் இல்லை' என்று ஒரு முத்திரை குத்தினார்கள். எத்தனை லேசாகக் குத்தினார்கள்!

வீட்டில் சண்டை நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலாம். பாத்திரம் உருண்டிருந்தால், அம்மா இரண்டு நாள் மேட்டுப்பாளையம் போய் இருந்துவிட்டு வந்திருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். வழக்கம்போல "ஏனுங்க, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். வழக்கம்போலத் துணி துவைத்தாள். பேப்பர் படிக்கிறது மட்டும் மாறிவிட்டது. காலையில் பஸ்ஸில் கட்டு வந்ததும் இவளே போய் வாங்கி வந்து, அடுப்பை மூட்டுவதற்கு முன் நின்றபடியே படித்து முடித்து, மடித்து, அப்பாவின் இடத்தில் வைத்துவிடுவாள். அவர் அதே வாசற்படியில் உட்கார்ந்து தனக்குள் படித்துக்கொள்வார். அதன் பிறகு அவள் அவரிடம் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்கவில்லை, கடைசி வரைக்கும்.

என்னிடம் ஒரே ஒரு முறை பேசினாள். ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஸ்வெட்டரை மடித்துக் கொடுத்தபடியே, "நெனச்சுப் பாரு சுதா" என்றாள். "நான் அன்னைக்குக் காலேஜுக்குப் போயிருந்தா உனக்கு இந்தச் சலுகை கெடச்சிருக்காது. நாங்க ரெண்டு பேரும் உருப்படாமப் போனதுக்குத்தான் கவர்மென்ட்டு உனக்குக் கட்டுது. அத மறந்துறாம படி."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. செத்துப்போன அப்பிச்சி மேலா, அப்பா மேலா, அந்தப் புள்ளியியல் பேப்பரைத் திருத்தின புண்ணியவான் மேலா? நாலு வருஷமும் அந்த ஆத்திரத்தில்தான் படித்தேன். ஒரு செமஸ்டரில் எனக்கும் புள்ளியியல் இருந்தது. பரீட்சை ஹாலில் ஒவ்வொரு கணக்கையும் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "பி.ஏ. பெயில் கடை" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொஞ்ச நாள் கத்திக்கொண்டு ஓடினார்கள். பெரியவர்கள் அப்படிச் சொல்லவில்லை, பழைய பேரைத்தான் சொன்னார்கள். "பி.ஏ. இருக்காருங்களா?" என்று யாராவது வாசலில் நின்று கேட்கும்போதெல்லாம் அப்பா சட்டென்று அம்மா இருக்கிறாளா என்று மேட்டைப் பார்ப்பார். அவள் காதில் விழாத தூரத்தில் இருந்தால்தான் "சொல்லுங்க" என்பார். லீவுக்கு வரும்போதெல்லாம் நான் அதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

பஸ் ஸ்டாப் பேனர்

போன குளிர்காலத்தில் அப்பா இறந்துபோனார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நான் சென்னையிலிருந்து வந்து சேர்வதற்குள் பஜார்க்காரர்கள் எல்லா ஏற்பாட்டையும் செய்திருந்தார்கள்.

காரியம் முடிந்து நானும் அம்மாவும் கடையைத் திறந்து பார்க்க இறங்கி வந்தோம். பஸ் ஸ்டாப் பக்கத்தில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தது. மூட்டம் விலகிய நேரத்தில் அப்பாவின் முகம் தெரிந்தது. ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த போட்டோவிலிருந்து வெட்டியது. அடியில் கொட்டை எழுத்தில், 'திரு. நஞ்சப்பன் பி.ஏ.'

அதற்குக் கீழே, பிரிவால் வாடும் மனைவி வசந்தாமணி, மகள் சுதா பி.இ. அவருக்குப் பின்னால் ஒரு பட்டம், எனக்குப் பின்னால் ஒரு பட்டம், நடுவில் அம்மாவின் பேர் மட்டும் வெறுமையாக இருந்தது.

காதர் பாய் பேக்கரியிலிருந்து இறங்கி வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பேனர் அவர் செலவுதான் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"பாய், நீங்கதானே அன்னைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது கவர்மென்ட்டுக்குப் போட்டதும்மா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கையெழுத்தப் போட்டதுலேர்ந்து எனக்கு அவரு மூஞ்சிய நேராப் பாக்க முடியல. தப்புன்னா சொல்லுங்க, இப்பவே அவுத்துர்றேன்."

அம்மா பேனரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பதறியது. இத்தனை வருஷம் அடக்கி வைத்ததை நடு பஜாரில் கொட்டிவிடுவாளோ என்று பயம்.

"எடுக்கச் சொல்லிரட்டுமாம்மா?" என்றேன்.

அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"இருந்துட்டுப் போகட்டும் விடு. இனி யாரு விசாரிக்க வரப் போறாங்க?"